பாட்டி வளையலா, பிளாட்டினமா?

கேள்வி: மும்பையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். தை மாதம் நிச்சயதார்த்தம், மோதிரம் எடுப்பதில்தான் இழுபறி. அம்மா 22 காரட் தங்கம்தான் என்கிறார். மாப்பிள்ளைக்குப் பிளாட்டினத்தின் மேல் ஆசை. கடையில் கேட்டால் ஒயிட் கோல்டில் கல் வைத்து எடுங்கள் என்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் தானேயில் லேத் பட்டறை வேலை. பாட்டி கொடுத்த 8 கிராம் வளையல் ஒன்று, முத்திரை இல்லாதது, என்னிடம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
(செம்பூர் வாசகி)

பதில்: முதலில் கல்லை விட்டுவிடுங்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை கை கழுவுகிறீர்கள், எத்தனை கையுறை மாற்றுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். தூக்கிக்கொண்டு நிற்கும் கல் கையுறையைக் கிழிக்கும், கல்லுக்கு அடியில் சோப்பும் அழுக்கும் தங்கும், அது உங்கள் நோயாளிக்கும் நல்லதில்லை. வழவழப்பான வெறும் மோதிரம் எடுங்கள். அதையும் வார்டில் கழற்றச் சொல்கிறார்கள் என்றால் டியூட்டி நேரத்தில் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளலாம்.

ஒயிட் கோல்ட் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் ஏமாந்தேன். தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்து நிறத்தை வெளுக்க வைத்து, மேலே ரோடியம் பூச்சு கொடுப்பார்கள், கண்ணில் படும் அந்தப் பளிச் வெள்ளை பூச்சினுடையது. என் கல்யாண மோதிரம் அதுதான். வாங்கிய கடையில் பூச்சு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் உள்ளங்கைப் பக்கம் மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டது. மறுபடி பூச்சு போடலாம், ஆனால் நாள் முழுக்க ஈரத்திலும் சானிடைசரிலும் இருக்கும் கைக்கு இது ஓயாத வேலை. நிக்கல் கலந்ததாக இருந்தால் சிலருக்கு அரிப்பும் வரும்.

பிளாட்டினம் நல்ல உலோகம், மாப்பிள்ளையின் ஆசையில் தப்பே இல்லை. பிடி 950 (Pt950) என்று முத்திரை இருந்தால் 95 சதவீதம் சுத்தம், வெள்ளை அதன் சொந்த நிறம், வெளுத்துப் போகாது. கீறல் விழும், ஆனால் அந்த இடத்து உலோகம் பொடியாக உதிராமல் பெரும்பாலும் பக்கத்தில் ஒதுங்கித்தான் நிற்கும், பாலிஷ் போட்டால் சரியாகிவிடும். கிராம் விலை சில வருடங்களாகவே தங்கத்தைவிடக் குறைவு என்பதால் மலிவு என்று தோன்றும். அங்கேதான் கணக்குப் போட வேண்டும்: பிளாட்டினம் கனமானது, 22 காரட்டில் 5 கிராம் வரும் அதே மோதிரம் இதில் கிட்டத்தட்ட 6 கிராம் வரும். தங்கம் 1064 டிகிரியில் உருகும், இது உருக 1768 டிகிரி வேண்டும், எல்லா ஆசாரியும் கை வைக்க முடியாது, அதனால் செய்கூலியும் அதிகம் (இங்கே பில்லில் மேக்கிங் என்று போடுவார்கள்), பின்னால் அளவு மாற்றுவதும் சிரமம். திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பாட்டி வளையலில் இருந்தே இரண்டு மோதிரம். கல் இல்லாத மோதிரத்துக்கு 22 காரட் தாங்கும், ரொம்ப மெல்லிசாக மட்டும் அடிக்க வேண்டாம், வளைந்துவிடும். கல் வைப்பதாக இருந்தால்தான் கல்லை இறுகப் பிடிக்க 18 காரட் வேண்டும். ஆனால் வளையலை நேரே உருக்கக் கொடுத்துவிடாதீர்கள், முத்திரை இல்லாத பழைய நகையில் பற்றவைப்பு அதிகம் இருந்தால் காரட் குறைந்து நிற்கும். முதலில் ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துச் சீட்டு வாங்குங்கள், அப்புறம் ஜவேரி பஜாரோ மாட்டுங்காவோ, எந்தக் கடைக்குப் போனாலும் பேச்சு உங்கள் கையில். சேதாரம் போக என்ன மிஞ்சும் என்பதையும் முன்னாலேயே கேளுங்கள். செய்து வாங்கும் மோதிரத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்பதைக் காட்டும் 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஒவ்வொரு நகைக்கும் தனியாக வரும் அடையாளக் குறியான ஹெச்யூஐடி மூன்றும் இருக்க வேண்டும், அந்த ஹெச்யூஐடியை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். விரல் அளவைச் சாயங்காலம் எடுங்கள், மும்பைப் புழுக்கத்தில் காலை விரலும் மாலை விரலும் ஒன்றில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. லேத் ஓடும்போது அவர் கையில் எந்த உலோக மோதிரமும் இருக்கக் கூடாது, மாட்டினால் விரலே போய்விடும். நீங்களும் பிளீச்சிங் கரைசலில் கை வைக்கும் முன் கழற்றிவிடுங்கள், குளோரின் கலப்புத் தங்கத்தை அரிக்கும்.

கேள்வி: ஆன்லைனில் டங்ஸ்டன் மோதிரம் மலிவாகக் கிடைக்கிறது, கீறலே விழாதாம். தம்பி கல்யாணத்துக்கு வாங்கலாமா?
(முலுண்ட் வாசகர்)

பதில்: கீறல் விழாது என்பது ஏறக்குறைய உண்மை, டங்ஸ்டன் கார்பைடு அவ்வளவு கடினம். ஆனால் கல் பாவிய தரையில் விழுந்தால் மோதிரமே உடையலாம், அளவு மாற்றவே முடியாது. தம்பி விரல் நாளைக்குப் பருத்தால் வேறு மோதிரம்தான். விரல் வீங்கி மாட்டிக்கொண்டால் தங்கத்தை வெட்டும் சாதாரண மோதிர வெட்டி இதில் ஏறாது, இறுக்கி நொறுக்கித்தான் எடுப்பார்கள். தினசரி அணிய கூடுதலாக ஒன்று என்றால் சரி. மேடையில் மாற்றும் மோதிரத்தைத் தங்கத்திலேயே எடுங்கள், 3 கிராம் ஆனாலும் பரவாயில்லை.