கடுவன் குணம் மாறுமா?

கேள்வி: போன வாரம் குற்றாலத்தில் என் கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை ஒரு தடிக்குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. "கடுவன் புத்தி பிறவியிலேயே வந்தது, மாறாது" என்கிறார் மாமா. அப்படியா?
– ஒரு வாசகி, புளியரை

பதில்: சிப்ஸுக்கு என் அனுதாபம். மாமா சொல்வதில் பாதி சரி, மீதிக்குக் கென்யாவின் மசாய் மாரா வரை போக வேண்டும். அங்கே பபூன் குரங்குகள் உண்டு (நம் நாடகத்துப் பபூன் வேறு ஆள்). அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் சபோல்ஸ்கி பல வருடம் கவனித்துவந்த கூட்டத்துக்குப் பக்கத்தில், இன்னொரு கூட்டத்தின் எல்லைக்குள், ஒரு சுற்றுலா விடுதியின் குப்பைக்குழி இருந்தது. அங்கே மிச்சம்மீதிக்கு மல்லுக்கட்ட இந்தக் கூட்டத்திலிருந்து காலையிலேயே கிளம்பிப் போனவை சண்டைக்காரக் கடுவன்கள் மட்டும்தான், யாரோடும் ஒட்டி உட்கார்ந்து பேன் பார்க்காத ரகம். 1980களின் நடுவில், குழியில் கொட்டிய காசநோய் மாட்டிறைச்சியைத் தின்று அவை செத்துப்போயின. கூட்டத்தின் கடுவன்களில் ஏறக்குறைய பாதி காலி.

ரவுடிகள் போனால் தெரு அமைதியாகும், அதில் என்ன அதிசயம்? அப்புறம் நடந்ததுதான் விஷயம். ஆண் பபூன் பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தில் போய்ச் சேரும், வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. 1993-ல் பார்த்தால் பழைய கடுவன் ஒன்றுகூட அங்கே இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, ஆனாலும் கூட்டம் அதே சாதுக் கூட்டமாகவே இருந்தது. புதிதாக வந்த பயலை அங்குள்ள மந்திகள் வெகுநாள் தள்ளிவைக்காமல் சீக்கிரமே பேன் பார்த்துச் சேர்த்துக்கொண்டன. பெரிய கடுவன்களும் தங்கள் கடுப்பை எளியவன் மேல் அவ்வளவாகக் காட்டவில்லை. அடிமட்டக் கடுவன்களின் ரத்தத்தைச் சோதித்தால், மற்ற கூட்டங்களில் அந்த நிலையில் இருப்பவற்றுக்கு ஏறியிருக்கும் மன அழுத்த ஹார்மோன் இவற்றுக்கு ஏறவில்லை. 2004-ல் இதையெல்லாம் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அதற்காக எல்லாம் சாமியாராகிவிட்டன என்று நினைக்க வேண்டாம். சமபலக்காரர்கள் வழக்கம்போல மோதிக்கொண்டார்கள், வலுவில்லாதவனைப் போட்டு மிதிப்பதுதான் குறைந்தது. இது ஒரே ஒரு கூட்டத்தின் கதை என்பதையும் மாமாவிடம் மறைக்காதீர்கள்.

குற்றாலத்தில் இருப்பது பபூன் இல்லை, நம் நாட்டுக்குரங்கு, இந்தக் கதையை அப்படியே அதன் மேல் போட முடியாது. ஆனால் அருவிக்கரையில் நாம் நீட்டும் பஜ்ஜியும் சிப்ஸும் அதற்கொரு குப்பைக்குழிதான். அடுத்த முறை சரசரக்கும் பொட்டலம் வேண்டாம், மூடி போட்ட தூக்குவாளி எடுத்துப் போங்கள்.