கட் பேக்கா, கட் டவுனா?

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: ஆங்கில வினைக்குப் பின்னால் வால்போல ஒட்டிக்கொண்டு வரும் அப், டவுன், ஆஃப், அவுட். நான் ஆங்கில ஆசிரியை இல்லை என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் 28 வருடம் சுருக்கெழுத்தும் தட்டச்சுமாக இருந்தவள். திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

கே: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். அறை கேட்டிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு, "இந்த வருடம் செடிகளை வெட்டியிருக்கிறோம், தோட்டம் கொஞ்சம் மொட்டையாகத் தெரியும்" என்று சொல்ல நினைத்து, 'வீ கட் டவுன் அவர் டீ புஷ்ஷஸ்' என்று எழுதினேன். "அடடா, தேயிலையையே விட்டுவிட்டீர்களா?" என்று வருத்தப்பட்டுப் பதில் போட்டார். என்ன தப்பு செய்தேன்?
வாசகர், கோத்தகிரி

ப: நீங்கள் செய்தது கவாத்து. அவர் படித்ததோ அடியோடு வெட்டிச் சாய்த்த கதை. வெட்டுவதோடு 'டவுன்' சேர்ந்தால், நின்றது விழுந்தது என்று அர்த்தம். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைச் சாய்த்தால் அது 'கட் டவுன்'. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியைக் குறைத்து வெட்டி, திரும்பத் தழைக்க விடுகிறோமே, அது 'கட் பேக்'. வளர்ந்த வழியிலேயே கொஞ்சம் பின்னால் அனுப்புவது. 'ப்ரூன்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தாலும் அந்த அம்மா பதறியிருக்க மாட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சாய்த்த மரத்தை விறகுக்குத் துண்டு போட்டால் அது 'கட் அப்'. தரையில் கிடக்கிற மரத்துக்கு என்ன 'மேலே' வேண்டிக்கிடக்கிறது? இந்த 'அப்' திசையைச் சொல்லவில்லை. வேலை முழுசாக முடிந்தது என்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' எல்லாம் இந்த வகைதான். நம் 'விடு' செய்கிற அதே வேலை: சாப்பிட்டுவிடு, தீர்த்துவிடு. சாப்பிட்டுவிட்டேன் என்றால் எதை விட்டாய் என்று யாரும் கேட்பதில்லையே! பார், பார்த்துக்கொள், பார்த்துவை, பார்த்துவிடு என்று நாலு விதமாகச் சொல்கிறோம். நாலும் வேறு வேறு. எந்தக் குழந்தையும் இதைப் பட்டியல் போட்டு உருப்போட்டதில்லை. தமிழில் வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்து செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்தச் சில்லறைச் சொற்கள் செய்கின்றன. ஆகவே 'கட்'டுக்கு எத்தனை அர்த்தம் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் வாலைக் கவனியுங்கள்.

எனக்கு இது உறைத்தது வேலையில் சேர்ந்த புதிதில். மாதிரித் தேயிலைப் பொட்டலங்களை ஒருவரிடம் 'ஹேண்ட் ஓவர்' செய்யச் சொல்லி மேலாளர் கடிதம் சொன்னார். இரண்டும் 'கொடு'தானே என்று நான் 'ஹேண்ட் அவுட்' என்று தட்டி அனுப்பிவிட்டேன். 'ஓவர்' என்றால் கைமாற்றி ஒப்படைப்பது. 'அவுட்' என்றால் ஆளாளுக்கு விநியோகிப்பது. கடிதத்தை எழுத்துக்கு எழுத்து மதித்த ஒரு மனிதர் வந்தவர் போனவருக்கெல்லாம் பொட்டலம் கொடுத்து முடித்தார். ஏலத்துக்கு முன் ருசி பார்க்க வேண்டிய தேயிலை, ஏலம் பக்கமே வராத வீடுகளில் கொதித்தது.

கே: ரயிலிலிருந்து இறங்குவதை 'கெட் டவுன்' என்று சொல்லக்கூடாது, 'கெட் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறான் என் நண்பன். உண்மையா?
கல்லூரி மாணவர், அருவங்காடு

ப: நண்பர் சொல்வது பிரிட்டன், அமெரிக்க வழக்கு. நம் ஊரில் 'கெட் டவுன்' என்றால் எல்லோரும் ஒழுங்காக இறங்கிவிடுகிறார்கள், தம்பி. அதைத் தப்பு என்று சண்டைக்குப் போக நான் தயாரில்லை. ஆனால் ஒரு வெள்ளைக்காரரிடம் அவசரமாக 'கெட் டவுன்!' என்று கத்தினால், தலைக்கு மேல் ஏதோ பறந்து வருகிறது என்று அவர் குனிந்துகொள்ளக்கூடும்.

ரயில், பஸ், கப்பல், விமானம் எல்லாம் 'ஆன்', 'ஆஃப்'. கார், டாக்சிக்கு 'இன்', 'அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடமாட முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். நம் மலை ரயில் பெட்டியில் எழுந்து நடமாட இடம் ஏது? இருந்தாலும் ரயில் ரயில்தான், 'கெட் ஆன்'தான். மேட்டுப்பாளையத்திலிருந்து பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும் நீராவி இன்ஜினைக் குன்னூரில் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். அந்த நேரத்தில் டீ குடிக்க இறங்குபவர்கள் 'கெட் ஆஃப்'. விசில் கேட்டதும் ஓடி வந்து ஏறினால் 'கெட் பேக் ஆன்'.

கே: பரீட்சையில் 'அதைத் தள்ளிப்போடு' என்பதை 'புட் ஆஃப் இட்' என்று எழுதியதற்கு மார்க் போய்விட்டது. 'புட் இட் ஆஃப்' என்று எழுத வேண்டுமாம். அப்படியானால் 'லுக் அட் இட்' மட்டும் எப்படிச் சரி? எனக்கு இந்தப் பாடமே வராது போலிருக்கிறது, பாட்டி.
பத்தாம் வகுப்பு மாணவி, கூடலூர்

ப: கண்ணு, உனக்கு மட்டும் இல்லை. அயல்மொழிக்காரர்களுக்கு மிகவும் கடினமான இடம் இதுதான் என்று 1755-இல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த இரண்டு வாக்கியங்களைப் பார். 'ஹி ரேன் அப் தி ஹில்': மலைமேல் ஓடினான். 'ஹி ரேன் அப் எ பில்': கடையில் கணக்கை ஏற்றிவைத்தான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவதில் 'அப்' மலையோடு சேர்ந்தது. நம் 'மேல்' மாதிரி. 'மலைமேல்' என்பதைப் பிரிக்க முடியாதில்லையா? அதனால் மலைக்குப் பதில் 'இட்' போட்டாலும் 'ரேன் அப் இட்'தான். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரையும் அப்படியே ஓடலாம். இரண்டாவதில் 'அப்'புக்கு பில்லோடு உறவே இல்லை. அது 'ரேன்' வீட்டுப் பிள்ளை. அங்கே 'இட்' வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'ரேன் இட் அப்'.

உன் 'புட் ஆஃப்' இரண்டாவது ரகம், 'லுக் அட்' முதல் ரகம். முழுப் பெயராக இருந்தால் 'புட் ஆஃப் தி எக்ஸாம்', 'புட் தி எக்ஸாம் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்' மாதிரிக் குட்டிச் சொல் வந்தால் மட்டும் இந்தக் கண்டிப்பு. சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பார். 'புட் இட் ஆஃப்' என்னும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'லுக் அட் இட்' என்னும்போது 'அட்' வாய்க்குள்ளேயே கரைந்துபோகும். அந்தப் பில்லையும் கவனி. கடன் ஏறிப்போச்சு என்று நாமும் சொல்கிறோம். ஆங்கிலக்காரரும் அதை 'அப்' என்று மேலேதான் ஏற்றுகிறார்.

கே: வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்று எழுதினேன். ஏஜென்சியில் சிரித்தார்களாம்.
செவிலியர், ஊட்டி

ப: அங்கே அதற்கு 'மயங்கி விழுந்தேன்' என்று அர்த்தம். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் வேறு! நீங்கள் இதை வானத்திலிருந்து பிடிக்கவில்லை. பட்டாளத்தில் பயிற்சி முடித்தால் 'பாஸிங் அவுட்' பரேடு நடக்கும். பட்டாள ஊரான வெலிங்டன் பக்கம் வளர்ந்த எனக்கு அது சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த சொல். பிரிட்டிஷ் ராணுவத்திலும் உண்டு. கல்லூரிக்கு மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிவிடுங்கள்.

கே: 'டிஸ்கஸ் அபவுட்', 'கோப் அப் வித்' இரண்டும் சரியா?
வாசகி, குன்னூர்

ப: இரண்டிலும் ஒரு சொல் அதிகம். 'பற்றிப் பேசினோம்' என்கிற நம் 'பற்றி'தான் 'அபவுட்' ஆகப் போய் நிற்கிறது. 'டிஸ்கஸ்' தனியாகவே போகும். சமாளிப்பதைச் சொல்ல 'கோப் வித்' போதும். அந்த 'அப்', 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' பக்கம் போய்வந்தபோது மழைக்காலத்து அட்டைபோலக் காலில் ஏறியது. உதறிவிடுங்கள்.