பள்ளிகளில் நலக்கல்வியை மேம்படுத்தவும், இடர்நிலையில் உள்ள மாணவர்களுக்குத் துணைநிற்கவும் என்ன செய்யலாம்?

பல ஆண்டுகள் வகுப்பாசிரியராக இருந்த அனுபவத்தில், இவ்விரண்டையும் நான் ஒரே பணியாகவே கருதுகிறேன். நலக்கல்வித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையே யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தகவல் மட்டும் பழக்கத்தை மாற்றுவதில்லை. 1983இல் லாஸ் ஏஞ்சலீசில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் காவலர்கள் வகுப்புக்கு வந்து போதைப்பொருளின் தீமைகளை விளக்கினார்கள். ஆனால் அதன் தொடக்ககாலப் பாடத்திட்டம் போதைப் பழக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றே பல ஆய்வுகள் கண்டன. நண்பன் சிகரெட்டை நீட்டும்போது எப்படி மறுப்பது, மனம் தாங்காதபோது யாரிடம் எந்தச் சொல்லில் பேச்சைத் தொடங்குவது என்பதையெல்லாம் வகுப்பிலேயே நடித்துப் பழகிய பிள்ளைக்குத்தான் உரிய நேரத்தில் வாய் திறக்க வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 10 முதல் 19 வயதினரில் ஏழில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது. அதே விகிதத்தில் பார்த்தால், நாற்பது பேர் வகுப்பில் ஐந்தாறு பேர். அவர்களைக் கண்டறியத் தனிக் கருவி வேண்டியதில்லை; வருகைப் பதிவேட்டை ஊன்றிப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். அடிக்கடி வரும் விடுப்பு, திடீரென்று சரியும் மதிப்பெண், வகுப்பில் உறக்கம், நண்பர்களை விட்டு விலகுதல் ஆகியவற்றை வெவ்வேறு ஆசிரியர்கள் தனித்தனியே கவனித்துவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லாமல் போவதுதான் பெரிய குறை. வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் கூடிப் பேசினால் அது தீரும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிசெய்யவில்லை. ஆகவே தனியாக அழைத்து, அமைதியாக, நேரடியாகக் கேளுங்கள். ஆனால் ரகசியம் காப்பதாக வாக்களிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அப்போதே சேர்ப்பியுங்கள்.

என் வகுப்பில் நாள்தோறும் உறங்கிய ஒரு மாணவனை மூன்று வாரம் கண்டித்த பிறகே காரணம் கேட்டேன். நோயுற்ற தாயை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பின் முதல் பாடவேளைக்குத் தாமதமாக வர அவனுக்கு அனுமதி பெற்றோம். விட்டுப்போன பாடங்களை மாலையில் ஓர் ஆசிரியர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.