மகளின் பள்ளிக்கூட ஊசிக்குக் கையெழுத்து வைக்கலாமா?

புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் தரம் 6இல் படிக்கிறாள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடப்போகிறார்கள், பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. லண்டனில் இருக்கும் பிள்ளையின் பெரியப்பா, "கொரோனா ஊசியால் நடந்தது போதாதா, இது பிள்ளை பெறாமல் ஆக்கிற ஊசி" என்று ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறாராம். மாமிக்குச் சைனோபார்ம் இரண்டும் பைசர் ஒன்றும் போட்ட பிறகுதான் கால் உளைவு தொடங்கியதாம், பக்கத்து வீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டாராம். கணவர் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நிற்கிறார். "நாங்கள் என்ன செய்வது டொக்டர்?" என்று கேட்கிறார்.

கையெழுத்து வையுங்கள். அதுதான் பதில். ஆனால் உங்கள் கணவரை "படிக்காத கதை கதைக்கிறீர்கள்" என்று மட்டும் மடக்க வேண்டாம், ஏனென்றால் வன்னியில் ஒருவர் அரசாங்கம் கொண்டுவருகிற ஊசியைச் சந்தேகப்பட்டால் அதற்கு அவரிடம் காரணம் இருக்கும்.

2013 ஒகஸ்ட் கடைசியில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு பக்கம் தாய்மாரைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டு, ஒழுங்கான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கும். பிறகு 2020இல் கொரோனா வந்தபோது நாட்டின் கொவிட் தடுப்பு நடவடிக்கை மையத்துக்குத் தலைமை தாங்கியவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா, 2009இல் இதே வன்னியில் 58ஆவது படைப்பிரிவை நடத்தியவர். ஊசி போடும் இடத்திலும் சீருடை நின்றால் சனம் என்ன நினைக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பரவிய மிக மோசமான பொய்களில் சில மேலிடத்தில் இருந்தே வந்தன. கொவிட்டில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று சொல்லி, புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்காமல், 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் மக்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். அதன் பிறகுதான் ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள், 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து பாணி காய்ச்சி அதைக் கொவிட் மருந்து என்று சொல்ல, அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைக் கமராவுக்கு முன்னால் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்கே கொவிட் வந்தது. எங்கள் பக்கத்தில் மட்டும் என்ன, மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கையும் இறக்குமதித் தடையும் சேர்ந்து மன்னார்க் கரையில் மூட்டை மூட்டையாக மஞ்சள் கடத்தும் அளவுக்குப் போனது.

ஆகவே சந்தேகப்படுவது பிழையில்லை. எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதில்தான் பெரியப்பாவும் நானும் பிரிகிறோம். யார் போடுகிறார்கள், என்ன ஊசி என்று சொன்னார்களா, வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறதா, அட்டையில் எழுதினார்களா, பிறகு ஏதும் நடந்தால் யாரைக் கேட்பது, இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். 2013 கதையில் பிழை நடந்தது அந்த இடத்தில். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் இராணுவத்திடமோ அமைச்சரிடமோ மட்டும் இருக்கிற ஒன்று இல்லை, உலகம் முழுக்கப் பல ஆய்வுகூடங்கள் பிரித்துப் பார்த்த விஷயம்.

சரி, வீடியோக்களுக்கு வருவோம். ஊசிக்குள் சிப் என்கிறார்கள். பில் கேட்ஸின் பெயர் இதில் வந்த கதை தெரியுமா? ஊசி போட்டதன் அடையாளமாகத் தோலுக்கடியில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சாயத்தை வைக்க முடியுமா என்று 2019இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது, அதற்கு அவருடைய அறக்கட்டளையின் பணம் போனது. அந்தச் சாயம் எந்தக் கொவிட் ஊசியிலும் இல்லை, அதில் சிப்பும் இல்லை. 5ஜி கோபுரத்தால் கொரோனா பரவியது என்றால் வன்னியில் அது வந்திருக்கவே கூடாது, 2021இல் எங்கள் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி வளவு வளவாகத் திரிந்ததைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். ஊசி போட்ட கையில் காசு ஒட்டுகிற வீடியோவுக்கு வாதமே தேவையில்லை. கையில் கொஞ்சம் பவுடர் பூசிவிட்டு அதே காசை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், வியர்வைப் பிசுபிசுப்பு போனதும் காசு கீழே விழும்.

மரபணுவை மாற்றும் என்ற கதை மாமிக்குப் போட்ட சைனோபார்முக்குப் பொருந்தவே பொருந்தாது. அது கொல்லப்பட்ட வைரஸ், போலியோ ஊசி மாதிரி பழைய முறையில் செய்தது, இலங்கையில் பெரும்பாலானோருக்குப் போட்டதும் அதுதான். பைசரில் இருப்பது எம்ஆர்என்ஏ, அதாவது வைரஸின் ஒரு புரதத்தைச் செய்யும்படி உடம்புக்குச் சொல்லும் செய்தி மாதிரி ஒன்று. அது கலத்தின் கருவுக்குள் போவதில்லை, நாட்கணக்கில், கூடினால் சில வாரங்களில் சிதைந்து போகிறது. சைனோபார்ம் வெறும் தண்ணி என்று இன்னொரு கூட்டம் சொன்னது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு போட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. வயது போனவர்களில் அது கொஞ்சம் குறைவு, அதனால்தான் மூன்றாவது ஊசி.

"ஊசி போட்ட எல்லாரும் இரண்டு வருசத்தில் செத்துப்போவார்கள், நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி சொல்லிவிட்டார்" என்று 2021 மே மாதத்தில் வந்த தகவல் உங்களுக்கும் வந்திருக்கும். அந்த விஞ்ஞானி லுக் மொன்தனியே, பிரான்ஸ்காரர், எய்ட்ஸ் வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அவர் கொவிட் ஊசிகளைப் பற்றிப் பிழையாகப் பேசியது உண்மை, ஊசியால் புதுப் புது வைரஸ் வகைகள் உருவாகின்றன என்றார், மற்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். இரண்டு வருசக் கதையை மட்டும் அவர் சொல்லவே இல்லை, யாரோ சேர்த்து எழுதியது. அந்த இரண்டு வருசமும் எப்போதோ கடந்துவிட்டது, மாமி இன்னும் இருக்கிறார் தானே. இதில் ஒரு வேடிக்கை. மொன்தனியேக்குப் பரிசு கிடைத்த அதே 2008ஆம் ஆண்டு, அதே மருத்துவ நோபலின் மற்றப் பாதி ஹரால்ட் ட்சூர் ஹௌசன் என்ற ஜெர்மன்காரருக்குப் போனது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எச்பிவி வைரஸ்தான் காரணம் என்று காட்டியவர் அவர். உங்கள் மகளுக்குப் போடப்போகும் ஊசி அந்தக் கண்டுபிடிப்பில் இருந்து வந்தது. நோபல் பரிசுக்காரர் சொன்னால் கேட்பேன் என்று பெரியப்பா சொன்னால் இவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

ஊசிகளால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். அஸ்ட்ராசெனிகா, அதாவது இங்கே போட்ட கொவிஷீல்ட், மிக அரிதாக, இலட்சத்தில் ஒருவர் இருவர் என்ற அளவில், இரத்தக் கட்டியை உண்டாக்கியது. 2021 ஏப்ரலில் இலங்கையில் ஆறு பேருக்கு அப்படி வந்து மூன்று பேர் இறந்ததாகப் பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். 2024இல் அந்த நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் இதை ஒப்புக்கொண்ட செய்தியைத்தான் "கடைசியில் உண்மை வெளிவந்தது" என்று பரப்பினார்கள், மருத்துவ உலகம் மூன்று வருசத்துக்கு முன்னமே எழுதி வைத்த விஷயம் அது. அந்தக் கட்டி ஊசி போட்டுச் சில வாரங்களுக்குள் வருவது, இத்தனை வருசம் கழித்து வருவது அல்ல. பைசரால் சில இளம் ஆண்களுக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது, அநேகமானோருக்குத் தேறியது. பெண்களில் சிலருக்கு மாதவிடாய் முன்பின் ஆனது, உதிரம் கூடப் போனது. முதலில் அதைச் சொன்ன பெண்களைப் பலர் காது கொடுத்துக் கேட்கவில்லை, பிறகு ஆய்வு செய்து பார்த்தபோது அவர்கள் சொன்னது சரி. ஆனால் அது தற்காலிகம், பிள்ளை பெறுவதை அது தடுத்ததாக எந்த ஆய்விலும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் மாரடைப்பு. கவலையான விஷயம், ஆனால் நெஞ்சு வருத்தம் கொரோனாவுக்கு முன்னமே இந்த நாட்டில் அதிக உயிர் குடித்த நோய்களில் முதலிடத்தில் இருந்தது. பெரியவர்களில் அநேகமாக எல்லாருமே ஊசி போட்டிருக்கும்போது இறக்கிறவரும் ஊசி போட்டவராகத்தான் இருப்பார். வன்னியில் செத்தவர்கள் எல்லாரும் சோறு சாப்பிட்டவர்கள் என்று சொல்வது மாதிரி அது. கொவிட்டாலேயே 16,000க்கு மேல் இறந்தார்கள் என்பதையும், 2021 ஒகஸ்ட், செப்டெம்பரில் டெல்டா வகைக் கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லாமல் இருந்ததையும் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

இனி எச்பிவி. கொரோனாவோடு வந்த புது ஊசி இல்லை இது. உலகத்தில் 2006இல் இருந்தும் இலங்கையில் 2017இல் இருந்தும் போடுகிறார்கள், தரம் 6 பிள்ளைகளுக்கு, கொழும்பிலும் காலியிலும் கூட இதேதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு போத்தல் வருவதில்லை. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் வெளி ஓடு மாதிரியான புரதம் மட்டும். ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் முழுதாகப் போட்டுக்கொண்ட பெண்களைப் பல வருசம் கழித்துப் பார்த்தார்கள், ஒருவருக்குக்கூடக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்திருக்கவில்லை. ஜப்பானில் 2013இல் பக்கவிளைவு பற்றிய செய்திகள் பரவி அரசாங்கமே பரிந்துரைப்பதை நிறுத்தியது, ஊசி போடுவோர் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே விழுந்தார்கள், திரும்பத் தொடங்க 2022 ஆனது. இடையில் ஊசி கிடைக்காமல் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

இவ்வளவு சின்ன வயதில் ஏன் என்று உங்கள் கணவர் கேட்பார். அந்த வைரஸ் உடம்புக்கு வர முன்னம் போட்டால்தான் முழுப் பலன், வேறு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் இந்த வயதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் சாமத்தியப்படும் காலமும் இதுதான், முதல் ஒன்றிரண்டு வருசம் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது வழமை. ஊசி போட்ட பிறகு இரண்டு மாதம் வராமல் போனால் உடனே ஊசியில் பழி விழும், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியின் கால் உளைவை ஊசிக் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சீனி பார்க்கச் சொல்லுங்கள். சீனி வருத்தத்தால் நரம்பு பாதித்துக் கால் எரிவு, விறைப்பு, உளைவு வருவதை நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். ஊசிதான் காரணம் என்று அவர் உறுதியாக நினைத்தாலும் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் சொல்லலாம், அதைப் பதிந்துகொள்வதும் அவர்களுடைய வேலைதான்.

பெரியப்பாவோடு குடும்பக் குரூப்பில் சண்டை பிடிக்காதீர்கள், எல்லாருக்கும் முன்னால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தனியாக ஒரு வொய்ஸ் போடுங்கள். "அண்ணை, அந்த டொக்டரின் பெயர் என்ன, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் திகதி?" என்று மட்டும் கேளுங்கள். வீடியோவின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலதடவை கைமாறி வந்தது, அவரே எடுத்தது இல்லை. லண்டனில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இதே ஊசி பள்ளிக்கூடத்தில் போடுகிறார்களா என்றும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். போடுகிறார்கள், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து.

உங்கள் கணவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் ஊசி நாளுக்கு முன்னம் இரண்டு பேருமாகப் போய் பிஎச்ஐயையோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மிட்வைஃபையோ சந்தித்து, போத்தலைக் காட்டுங்கள், பெயரையும் காலாவதித் திகதியையும் வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. முன்னம் ஏதாவது ஊசிக்கு மகளுக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அன்றைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள், வெறும் வயிற்றோடும் பயத்தோடும் நிற்கிற பிள்ளைகள் மயங்கி விழுவார்கள், அதையும் யாராவது வீடியோ எடுத்துவிடுவார்கள். ஊசி போட்டபின் ஒரு கால்மணி நேரம் இருத்தி வைக்கச் சொல்லுங்கள். கை நோவுக்கும் இலேசான காய்ச்சலுக்கும் வயதுக்கேற்ற அளவு பனடோல் போதும். அன்று ஏற்கெனவே நல்ல காய்ச்சல் என்றால் போட வேண்டாம், பிறகு எப்போது எங்கே வரலாம் என்று பிஎச்ஐயிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.