வெள்ளை உடைக்காரர் இரண்டு பேர் இல்லை

எகிப்தில் வாங்கிய பாப்பிரஸ் (நாணல் தாள்) படத்தில் வெள்ளை உடைக்காரர் இரண்டு பேர் யார், அண்ணன் தம்பியா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட புகைப்படத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள்தான், இறந்துபோன ஹுனெஃபர் என்ற பழங்கால எகிப்திய அரச எழுத்தர். இறந்தபின் அவருக்கு நடக்கும் தீர்ப்புதான் படம். இடமிருந்து வலமாகக் கதைபோலப் பாருங்கள். நரித்தலைக் கடவுள் அனுபிஸ் அவரைக் கைபிடித்துத் தராசுக்குக் கூட்டி வருகிறார், அப்புறம் அனுபிஸே குனிந்து தராசையும் சரிபார்க்கிறார். ஒரு தட்டில் ஹுனெஃபரின் இதயம், மறு தட்டில் உண்மை, நீதியின் தேவதை மாஅத்தின் இறகு. இதயம் கனத்தால் அம்மித் என்ற பூதம் அதை விழுங்கிவிடும்: முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல். (படத்திலேயே எனக்குப் பிடித்தது இதுதான்!) அரிவாள்மூக்கன் தலையோடு தீர்ப்பை எழுதுபவர் தோத் என்ற கடவுள். தேறியவரை வல்லூறுத்தலைக் கடவுள் ஹோரஸ், இறந்தோர் உலகின் அரசரான ஒசிரிஸிடம் அழைத்துப் போகிறார். மேல்வரிசையில் மண்டியிட்டிருப்பவரும் ஹுனெஃபரேதான். மூலப்படம் கி.மு. 1275 வாக்கில் வரைந்தது, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.