வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாசிமணி வேலைப்பாட்டை வைத்து கணினிக் கோடில் (நிரலில்) ஓவியம் உருவாக்க எங்கே தொடங்குவது?

பிக்சலுக்குப் பதிலாக வட்டம் வரைந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வடிவத்தை விட்டுவிட்டு, முதலில் நூல் போகும் வழியைப் பாருங்கள்.

இதற்கு ஜான் கார்பெட்டைத்தான் நான் முதலில் சொல்வேன். கனடாவின் மேட்டி (பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மக்கள்) கலைஞர், புரோகிராமரும்கூட. 2015-இல் தன் குடும்பத்தாரின் முகங்களை டிஜிட்டல் மணிகளால் செய்தார். நடுவில் தொடங்கும் மணிவரிசை சுருள்சுருளாக வெளியே விரிந்து முகமாகும். அப்புறம் கிரீ என்ற பூர்வகுடி மொழியிலேயே எழுதக்கூடிய ஒரு நிரல்மொழியையும் உருவாக்கத் தொடங்கினார். கோடுக்குள்ளேயே தன் மரபைக் கொண்டுவந்த அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

மேட்டி மக்களின் பூவேலையில் இரண்டு ஊசிகள் வேலை செய்யும். ஒரு நூலில் மணிகளைக் கோத்துக் கோட்டின்மேல் படுக்க வைப்பார்கள். இன்னொரு நூல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அதைத் துணியோடு பிடித்துத் தைக்கும். பூ அவ்வளவு லாவகமாக வளைவது இதனால்தான். நிரலில் பெசியர் வளைகோடு (சில புள்ளிகளைக் கொடுத்தால் கணினி வரையும் வழுவழுப்பான வளைவு) வரைந்து, அதன் நீளத்தை அளந்து மணிகளைச் சம தூரத்தில் வையுங்கள். அளவிடாமல் வைத்தால் சில இடங்களில் மணிகள் நெருக்கியடிக்கும், சில இடங்களில் இடைவெளி விழும். முதலில் இதழின் ஓரம், பிறகு அந்த ஓரத்தையே ஒட்டி உள்நோக்கி வரிசை வரிசையாக நிரப்புங்கள். மணிக்கு மணி அளவில் லேசான வேறுபாடு கொடுங்கள். நிறங்களைப் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்துங்கள். கண்ணாடி மணியில் ஒரு நிறம் இன்னொன்றில் கரையாது.

பெயோட்டி (peyote) தையலில், அதாவது மணிகளை ஒன்றோடொன்று கோத்துச் செல்லும் முறையில், இது வேறு. அங்கே செங்கல் சுவர் மாதிரி அரை மணி தள்ளித் தள்ளி உட்காரும்.

எதை வரைவது என்பதற்கு கனடாவின் பூர்வகுடிக் கலைஞர் நாடியா மயரின் 'இந்தியச் சட்டம்' படைப்பைப் பாருங்கள். பூர்வகுடிகளை ஆள கனடா இயற்றிய சட்டத்தின் 56 பக்கங்களை, 200-க்கும் மேற்பட்டோருடன் சேர்ந்து மணிகளால் மூடினார். எழுத்து இருந்த இடமெல்லாம் வெள்ளை, மற்றதெல்லாம் சிவப்பு. இன்னொரு பூர்வகுடிக் கலைஞரான ரூத் கட்ஹாண்ட், ஐரோப்பியரோடு வந்த பெரியம்மை போன்ற நோய்களின் கிருமிகளையே மணியில் தைத்தார். கண்ணாடி மணிகளும் ஐரோப்பியரின் வணிகத்தோடு வந்தவைதானே! தங்களுக்கு நடந்ததை அவர்கள் தைத்தார்கள். நீங்களும் உங்கள் ஊர், உங்கள் குடும்பம் சார்ந்த தரவை எடுங்கள்.

பூர்வகுடிகளின் குடும்ப, குல வடிவங்களை இணையத்திலிருந்து வாரி எடுத்து ஏஐ மாடலுக்குக் கொடுக்காதீர்கள். விற்கும்போது யாரிடம் கற்றீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பூர்வகுடிகள் செய்தது என்று பொய் சொல்லி விற்பதை அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.