வடிக்கும் குடுவைக்குள் சென்சார் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவையை வடிக்கும்போது எத்தனால் எத்தனை சதவீதம் வருகிறது என்று பார்க்க, எம்க்யூ-3 என்ற ஆல்கஹால் ஆவி சென்சாரைக் குடுவையின் கழுத்தில் பொருத்தி, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைத்தேன். முதல் சொட்டு விழும் முன்பே அளவு உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. சென்சார் பழுதா?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அதை அங்கிருந்து கழற்றுங்கள், தம்பி. சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் எப்போதும் சூடாக இருக்கிறது. காற்றில் எத்தனால் ஆவி 3.3 முதல் 19 சதவீதம் வரை இருந்தால் தீப்பற்றும். வலை மூடி இருக்கிறதே என்று அதை நம்பி இருக்க வேண்டாம்.

பழுதெல்லாம் இல்லை. எம்க்யூ-3, குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் கருவிக்கு ஏற்றது. லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது சுமார் 5,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) தாண்டினால் அதற்கு எல்லாம் ஒன்றுதான். குடுவைக் கழுத்திலோ ஆவி லட்சக்கணக்கான பி.பி.எம். போதாக்குறைக்கு, சென்சாரில் ஆவியை உணரும் டின் ஆக்சைடு வேலை செய்வதே அதன் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான். கொதி ஆவி காற்றை வெளியே தள்ளிவிட்ட இடத்தில் அது என்ன செய்யும்?

சரி, சென்சாரை விட மனமில்லை என்றால் நான் சொல்லும் வழி இது. வடிந்ததில் 1 மில்லிலிட்டரை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து பாட்டிலில் ஊற்றி மூடி, 34 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள்; கரைசலுக்கு மேலே நிற்கும் காற்றைச் சென்சார் அளக்கட்டும். ஊதிப் பார்க்கும் கருவிகளைச் சரிபார்க்கப் பயன்படும் கரைசலை வைப்பதும் இதே வெப்பநிலையில்தான்: லிட்டருக்கு 1.21 கிராம் எத்தனால் இருந்தால், மேலே நிற்கும் காற்றில் லிட்டருக்குச் சுமார் 0.48 மில்லிகிராம். உங்கள் மாதிரி எவ்வளவு வீரியமானாலும் சுமார் 0.3 மில்லிகிராமைத் தாண்டாது; சென்சாருக்கு அது சுகமான இடம். ஈரப்பதமும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதால், அது மாறி அளவைக் குழப்பும் தொல்லையும் போச்சு. தெரிந்த அளவில் நாலைந்து கரைசல் செய்து, மின்தடை, செறிவு இரண்டையும் மடக்கை (லாக்) அளவில் வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கும். புது சென்சாரை ஒரு முழு நாளாவது மின்சாரத்தில் விட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இதில் 60 சதவீதத்தையும் 80 சதவீதத்தையும் பிரித்துச் சொல்லலாம். 93-ஐயும் 95-ஐயும் பிரிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: அப்போ தெர்மாமீட்டரே போதாதா?

பதில்: எத்தனால் குறைவாக இருக்கும் கீழ்ப்பாதிக்குப் போதும். எடையில் 95.6 சதவீதக் கலவை 78.2 டிகிரியில் கொதிக்கிறது, சுத்த எத்தனால் 78.4-ல். மேலே போகப் போகத் தெர்மாமீட்டர் அசையாது. அங்கே அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான். கழற்றிய எம்க்யூ-3-ஐ மேசையில் ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சரின் வாயிலிருந்து தள்ளி, கசிவு மணியாக வையுங்கள்.